ஓசிக் கன்றும் காசுக் கன்றும்

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில இருந்து ஒரு தம்பி குடும்பத்தோட வந்திருந்தார். கொல்லையைச் சுத்திப் பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஒவ்வொரு வாழைக்கு அடியிலயும் அஞ்சாறு கன்று முளைச்சு நிக்குதே, அப்புறம் எதுக்கு நீங்க காசு கொடுத்து வெளியில கன்று வாங்குறீங்க?"

நியாயமான கேள்வி. எங்க நைனா உயிரோட இருந்திருந்தா அவரும் இதையேதான் கேட்டிருப்பார், கூட நாலு வசவோட. அந்தத் தம்பிகிட்ட அப்போ சரியா பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதுறேன்.

எங்க ஊர் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவுல இருக்கு. ஏரிப்பாசன பூமி. நெல்லுதான் முக்கியம். வாழைங்கிறது கிணத்து மேட்டுலயும் வாய்க்கால் ஓரத்துலயும் இருக்கும். கன்றை யாரும் விலைக்கு வாங்கினதே இல்லை. பெண் கொடுத்த ஊர்ல இருந்து ரஸ்தாளி வரும், பங்காளி வீட்டுல இருந்து பூவன் வரும். நைனா ஈட்டிக் கன்றாப் பார்த்துத்தான் தோண்டுவார். இலை ஈட்டி மாதிரி ஒடுங்கி, அடி பருத்து இருக்கும். சின்னதா இருக்கும்போதே அகல இலை விரிக்கிற நீர்க்கன்றைத் தொடவே மாட்டார். கிழங்கைச் சீவி, களிமண் குழம்புல முக்கி நட்டா வேலை முடிஞ்சது. செலவு, நடந்து போன களைப்பு மட்டும்தான்.

இந்த ஓசிக் கன்றுல ஒரு வில்லங்கம் இருக்கு. நாம சாப்பிடுற வாழைக்கு விதை கிடையாது. கன்றுங்கிறது தாய் மரத்தோட துண்டுதான். தாய்க்கு என்ன நோய் இருக்கோ அதுவும் கூடவே வரும். கிழங்குல நூற்புழுவும் கூன்வண்டும் ஒளிஞ்சு வரும். எல்லாத்தையும் விட மோசமானது முடிக்கொத்து நோய். இலையெல்லாம் குறுகி உச்சியில கொத்தா நிக்கும், தார் வராது. 1889-ல ஃபிஜித் தீவுல இதைப் பார்த்து எழுதி வச்சாங்க. 1913-ல இலங்கையில இருந்துச்சு. 1940 வாக்கில கேரளத்துக்கு வந்துருச்சு. ஒரு வாழையில இருந்து பக்கத்து வாழைக்குப் பரப்புறது அசுவினிப் பூச்சி. ஆனா கடல் தாண்டி, மலை தாண்டிக் கொண்டு போனது மனுஷன்தான். நல்ல ரகம்னு ஆசையா சொந்தக்காரனுக்குக் கொடுத்த கன்று வழியாத்தான் போச்சு.

நம்ம தமிழ்நாட்டுல இதுக்குப் பெரிய பலி, பழனி மலை அடுக்குல விளையுற விருப்பாச்சி. பழனி பஞ்சாமிர்தத்துல போடுற மலைவாழைப்பழம் அதுதான். ஒரு காலத்துல ஆயிரக்கணக்கான ஏக்கர்ல இருந்த பழம், முடிக்கொத்து நோயால மலையில இருந்தே காணாம போகிற நிலைக்கு வந்துருச்சு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க நோய் இல்லாத மரமாத் தேடி, அதோட குருத்து நுனியைச் சோதனைக்கூடத்துல வளர்த்துக் கன்று எடுத்து, மறுபடியும் மலை ஏத்தினாங்க. திருச்சியில 1993-ல வாழைக்குன்னே தேசிய ஆராய்ச்சி மையம் வந்தது. நாங்க டிஷ்யூ கன்றுன்னு சொல்றது இப்படிக் கண்ணாடிப் புட்டியில பிறந்து, நிழல்வலைக்குள்ள ரெண்டு மாசம் போல தேறி, பாக்கெட் மண்ணோட வர்ற கன்றைத்தான்.

நோய் இல்லைங்கிறதுக்காகவே எல்லாரும் மாறினாங்களா? இல்லை. எங்க பக்கம் அதுக்குக் காரணம் வேற.

1996-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் வேலையை ஆரம்பிச்சாங்க, 1998-ல கார் வெளியில வந்தது. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா. 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான். ஊருக்குள்ள கம்பெனி பஸ் வர ஆரம்பிச்சதும் நடவு நட்ட பெண்கள்ல பாதிப்பேர் கேன்டீனுக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் போனாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். மாசம் பொறந்தா சம்பளம், தலைக்கு மேல கூரை. கொல்லையில நாங்க அதைத் தர முடியாது. நெல்லு போட ஆள் இல்லாமத்தான் ஒரு ஏக்கர்ல வாழைக்கு வந்தேன்.

முதல் தடவை ஓசிக் கன்றுதான் நட்டேன். ஆறுக்கு ஆறு அடின்னா ஏக்கருக்கு 1,200 கன்று. பத்து வீட்டுல பொறுக்கின கன்று ஒரே வயசா இருக்குமா? ஒண்ணு ஆடியில பூக்குது, ஒண்ணு ஐப்பசியில பூக்குது. தார் முத்துறதும் அப்படியே. இன்னிக்கு முப்பது தார், பத்து நாள் கழிச்சு இருபது. முப்பது தாருக்கு எந்த வியாபாரி வண்டி அனுப்புவான்? வந்தாலும் அவன் சொன்னதுதான் விலை. நாலு மாசம் காவலும் காக்கணும். அதுக்குள்ள ஒரு காத்து அடிச்சா கதை முடிஞ்சுது. 2016 டிசம்பர்ல வர்தா வந்தப்போ முத்தாத தாரோட படுத்துக் கிடந்த மரங்களைப் பார்த்தவங்களுக்குப் புரியும்.

டிஷ்யூ கன்று எல்லாம் ஒரே வயசு, ஒரே உயரம். கிட்டத்தட்ட ஒண்ணாப் பூக்கும், பதினொண்ணு, பன்னெண்டு மாசத்துல ஒரு மாசத்துக்குள்ள வெட்டி முடிச்சுடலாம். லாரி கொல்லைக்கே வரும். நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற பசங்க ரெண்டு பேரை அந்த நாளைக்கு மட்டும் பிடிச்சுக்கலாம். இன்னொண்ணு, பூவனைத் தாரைப் பார்த்துக் கண்மதிப்புல கேட்பாங்க. ஜி9 பழத்தைக் கிலோ கணக்குல எடுக்கறாங்க. தராசு வந்ததே எனக்குப் பாதி நிம்மதி.

ஜி9 என்னன்னு கேட்டா, உங்க ஊர்ல மோரிஸ்னு விக்கிற பச்சைப்பழத்தோட நெருங்கின சொந்தம். கிராண்ட் நைன்ங்கிறது முழுப் பேர், கேவென்டிஷ் குடும்பம். 1990கள்ல மகாராஷ்டிராவுல ஜல்கான் பக்கம் ஜெயின் கம்பெனி இதை டிஷ்யூ கன்றா, சொட்டுநீரோட சேர்த்துப் பரப்பினாங்க. நம்ம பக்கம் தேனி, கம்பம் பள்ளத்தாக்குல வேரூன்றிச்சு. எங்க காதுக்கு வந்தது கடைசியிலதான்.

சும்மா வரல. கன்று ஒண்ணு பதினஞ்சு, இருபது ரூபாய்னா, ஒரு ஏக்கருக்குக் குழி வெட்டுறதுக்கு முன்னாடியே இருபதாயிரம் கையை விட்டுப் போகுது. சின்னக் கன்று பச்சைக்குழந்தை மாதிரி, முதல் ரெண்டு மாசம் தண்ணி தப்பக் கூடாது. போர்வெல்லும் சொட்டுநீரும் இருக்கிறவங்கதான் முதல்ல நட்டாங்க. சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு அரசு நூறு சதவீத மானியம் கொடுத்த பிறகுதான் என் மாதிரி ஆளுங்க துணிஞ்சோம்.

நான் ஒரு தடவை ஏமாந்தும் இருக்கேன். விலை குறைவுன்னு ஒரு நர்சரியில வாங்கினேன். எட்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, சில மரம் இலை கோணலா, தார் கைப்பிடி அளவு. யாரைப் போய்க் கேக்குறது? மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-லயே டிஷ்யூ கன்றுக்குச் சான்று முறை கொண்டு வந்திருக்காங்க. அது எனக்கு அதுக்கப்புறம்தான் தெரிய வந்துச்சு. இப்போ சான்று லேபிள் இல்லாம வாங்குறதில்லை. லேபிள் இருந்தாலும் மண்ணுல இருக்கிற வாடல் நோயை அது தடுக்காது. கேவென்டிஷையே சாய்க்கிற புதுசான வாடல் நோய் பீகார், உத்தரப்பிரதேசம் வரைக்கும் வந்துருச்சு. ஒரே ரகத்தை ஊரெல்லாம் நடுறதுல எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். வாய்க்கால் ஓரத்துல நைனா வச்ச பூவன் இன்னும் இருக்கு. ஓட்டல்காரங்க இலைக்கு அதைத்தான் கேட்டு வர்றாங்க.

போன மாசம் மச்சான் வந்து, "மாமா, உங்க ஜி9-ல அறுபது கன்று கொடுங்க, வீட்டு ஓரமா வைக்க"ன்னு கேட்டார். அவருக்கு ஒரே நாள்ல வெட்டி லாரி ஏத்த வேண்டிய அவசியம் இல்லை, ஓசிக் கன்றே போதும். ரெண்டு பேரும் காலையில ஒவ்வொரு தாய் மரமா இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தோம். முடிக்கொத்து இருந்தா அங்க கரும்பச்சையில புள்ளியும் கோடுமா, தந்தி அடிச்ச மாதிரி தெரியும். மூணு மரத்துல சந்தேகமா இருந்தது. அந்த மூணையும் கிழங்கோட தோண்டி எடுத்தோம், அந்த வரிசையில ஒரு கன்றையும் தொடல. மிச்சத்துல ஈட்டிக் கன்றாப் பார்த்து நாப்பத்தியேழு தேறிச்சு. டிவிஎஸ்ல ரெண்டு நடையா எடுத்துட்டுப் போனார். காசு வாங்கல.