எழுத்தில் இல்லாத உரிமை

சர்க்கஸ் முதலாளி பி.டி. பார்னம் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1879இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் கருத்தடைத் தடைச் சட்டம் போட்டபோது, அதை முன்னின்று நிறைவேற்றிய சட்டமன்ற உறுப்பினர்களில் அவரும் ஒருவர். கருத்தடைச் சாதனத்தைப் பயன்படுத்துவதே குற்றம். கணவன் மனைவிக்கும் விலக்கில்லை. படுக்கையறைக்குள்ள போலீஸ் எப்படிப் போகும்னு யாரும் யோசிச்ச மாதிரி தெரியல.

1961 நவம்பரில் எஸ்டெல் கிரிஸ்வோல்டும் டாக்டர் பக்ஸ்டனும் நியூ ஹேவனில் துணிந்து ஒரு கருத்தடை கிளினிக் திறந்தார்கள். பத்தே நாளில் கைது. பிறகு ஆளுக்கு 100 டாலர் அபராதம். அவங்க எதிர்பார்த்ததும் அதைத்தான், வழக்கு போட ஒரு காரணம் வேணுமே! 1965இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றது.

ஆனா தீர்ப்புக்கு அடிப்படையான அந்தரங்க உரிமை, அரசியல் சாசனத்தில் எழுத்தில் இல்லை. நீதிபதிகள் வாசித்து எடுத்தது. எங்க தொழில் பாஷையில சொன்னா, டாக்குமென்ட்ல இல்லாத ஃபீச்சர். அடுத்த வெர்ஷன்ல இருக்கும்னு கேரன்டி கிடையாது. 2022இல் கருக்கலைப்பு உரிமையை அதே நீதிமன்றம் ரத்து செய்தபோது, கிரிஸ்வோல்ட் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்யணும்னு நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதி வைத்தார்.

அந்த நவம்பரிலேயே கலிஃபோர்னியா, மிச்சிகன் வாக்காளர்கள் கருத்தடை உரிமையைத் தங்கள் மாநிலச் சாசனத்தில் எழுத்தாகவே சேர்த்துவிட்டார்கள். வர்ஜீனியாவில் நடந்தது வேறு. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2024இல் ஆளுநர் யங்கின் (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப்போட்டு வருபவர்) வீட்டோ செய்தார்.