ஓப்பன்எஸ்எஸ்எச் தடக் குறைபாடு (2002)

ஓப்பன்எஸ்எஸ்எச் தடக் குறைபாடு என்பது ஓப்பன்எஸ்எஸ்எச் என்னும் தொலைநிலைப் புகுபதிகை மென்பொருளில் 2002 மார்ச் மாதம் வெளிப்படுத்தப்பட்ட பாதுகாப்புக் குறைபாடு ஆகும். வழங்கியில் சாதாரணக் கணக்கு மட்டுமே உடைய ஒருவர், ரூட் எனப்படும் தலைமைப் பயனரின் முழு உரிமைகளையும் பெற இது இடமளித்தது. இவ்வகைக் குறைபாடுகள் உரிமை உயர்த்தல் குறைபாடுகள் எனப்படுகின்றன. 2.0 முதல் 3.0.2 வரையான பதிப்புகளில் இது காணப்பட்டது. சிவிஇ பட்டியலில் இதன் எண் 2002-0083 ஆகும்.

பின்னணி

டெல்நெட், ஆர்லாகின் போன்ற பழைய மென்பொருள்கள் கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யாமலேயே அனுப்பின. இதற்கு மாற்றாக 1995-இல் பின்லாந்தைச் சேர்ந்த டாட்டு யுலோனன் எஸ்எஸ்எச் நெறிமுறையை உருவாக்கினார். அதன் கட்டற்ற வடிவமான ஓப்பன்எஸ்எஸ்எச், 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தினரால் வெளியிடப்பட்டது. புகுபதிபவரின் கணக்கிற்கு மாற ரூட் உரிமை தேவை என்பதால், வழங்கி நிரல் அவ்வுரிமையுடனேயே இயங்கியது. புகுபதிகை முடிந்த பின்னரும் இணைப்பைக் கவனிக்கும் செயலாக்கம் அவ்வுரிமையைக் கைவிடவில்லை.

பிழையின் தன்மை

எஸ்எஸ்எச் இணைப்பு ஒன்றில் பல தடங்கள் இயங்கலாம். ஒவ்வொரு தடத்திற்கும் ஓர் எண் உண்டு. அவற்றின் விவரங்கள் ஓர் அணியில் வைக்கப்படுகின்றன. 10 இடங்கள் கொண்ட அணியில் செல்லத்தக்க எண்கள் 0 முதல் 9 வரை ஆகும். ஆனால் மூலநிரல், மறுமுனையிலிருந்து வரும் எண் 10-ஐ விட அதிகமாக இருந்தால் மட்டுமே அதை நிராகரித்தது. 10 என்னும் எண்ணை ஏற்றுக்கொண்டது. இதனால் அணிக்கு வெளியேயுள்ள நினைவகப் பகுதி ஒரு தடத்தின் முகவரியாகக் கொள்ளப்பட்டது. அப்பகுதியில் தமக்கு வேண்டிய தரவை இடம்பெறச் செய்பவர், தமது நிரலை ரூட் உரிமையுடன் இயக்க முடியும். தீய நோக்குடைய வழங்கி ஒன்று, தன்னுடன் இணையும் பயனரின் கணினியைத் தாக்கவும் இதே பிழை உதவக்கூடியது.

தீர்வு

நெதர்லாந்தின் பைன் இன்டர்நெட் நிறுவனம் இக்குறைபாட்டை அறிவித்தது. 2002 மார்ச் 7 அன்று வெளியான 3.1 பதிப்பில் இது நீக்கப்பட்டது. "அதிகம்" என்னும் ஒப்பீடு "அதிகம் அல்லது சமம்" என மாற்றப்பட்டது. மூலநிரலில் இது ஒரு சமக்குறியைச் சேர்ப்பது மட்டுமே.

உரிமைப் பிரிப்பு

இத்தகைய பிழைகளின் விளைவைக் கட்டுப்படுத்த, நீல்ஸ் புரோவோஸ் உருவாக்கிய உரிமைப் பிரிப்பு முறை 2002 சூனில் வெளியான 3.3 பதிப்பில் இயல்பிருப்பாக்கப்பட்டது. இதன்படி ஒரு சிறிய கண்காணிப்புச் செயலாக்கம் மட்டுமே ரூட் உரிமையுடன் இயங்கும். புகுபதிகைக்குப் பின் தடங்களைக் கையாளும் பகுதி, புகுபதிந்தவரின் உரிமையுடனேயே இயங்கும். எனவே அப்பகுதியில் இதே போன்ற பிழை இருப்பினும், அதைப் பயன்படுத்துபவருக்கு ஏற்கெனவே உள்ள உரிமைகளே கிடைக்கும்.