உத்தரவாதத்திற்கு அப்பால்

உத்தரவாதக் காலம் முடிந்து சில மாதங்களில் தொலைக்காட்சிப் பெட்டியின் திரை இருண்டுவிடுகிறது. கடைக்காரர் பத்திரத்திலுள்ள திகதியைச் சுட்டிக்காட்டித் தம் கடமை தீர்ந்ததென்கிறார். தவணைக்கு வாங்கிய குடும்பம் அத்திகதியை இயற்கை நியதிபோல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால், அத்திகதியை வகுத்தவர்கள் உற்பத்தியாளரும் விற்பனையாளருமே. வாங்குவோரின் உரிமையோ அப்பத்திரத்திலும் மூத்தது.

பண்டைய உரோமாபுரியில் சந்தையை மேற்பார்வை செய்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் மறைந்த குறைகளுக்குப் பொறுப்பாவர் எனக் கட்டளையிட்டனர். மனிதனையே பண்டமாக்கிய சமுதாயமும் விற்பவனின் பொறுப்பை அறிந்திருந்தது! ஆங்கிலச் சட்டத்தில், 'வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும்' என்ற கோட்பாடு நெடுங்காலம் ஓங்கியிருந்தது. தொழிற்சாலைப் பண்டங்கள் பெருகியபோது அக்கோட்பாடு தளர்ந்தது. 1893இல் இயற்றப்பட்ட பொருள் விற்பனைச் சட்டம், வணிகர் விற்கும் பொருள் விற்கத்தக்க தரமுடையதாக இருக்கவேண்டும் என்பதை உட்கிடையான நிபந்தனையாக்கியது. அதனைத் தழுவியதே இலங்கையின் 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எழுத்தில் ஓர் உத்தரவாதம் தரப்பட்டதனால் மாத்திரம் இந்நிபந்தனை அற்றுப்போவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும், சட்டம் ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. இருசாராரும் உடன்பட்டால் அந்நிபந்தனையை விலக்கலாம். உடன்பாடு என்பது நடைமுறையில் விற்பவர் அச்சிட்டுத் தந்த சிற்றெழுத்தாயிற்று. நுகர்வோருக்கான விற்பனையில் இத்தகைய விலக்குகள் செல்லாவெனப் பிரித்தானியா 1973இல் சட்டமியற்றியது. எழுத்து மூலம் உத்தரவாதம் தரும் நிறுவனம் சட்டத்தின் உட்கிடையான உத்தரவாதத்தை முற்றாக மறுத்தலாகாதென ஐக்கிய அமெரிக்கா 1975இல் விதித்தது.

சட்டத்தின் கதை இவ்வாறிருக்க, பெட்டியின் கதையும் படிப்பினை தருவது. 1950களிலும் 1960களிலும் பிரித்தானியக் குடும்பங்கள் பல தொலைக்காட்சியை வாடகைக்கே பெற்றன. அப்பெட்டிகளின் வால்வுகள் அடிக்கடி பழுதடைந்தன. ஆயினும் திருத்தும் செலவு வாடகை நிறுவனத்தினுடையது. பெட்டி இயங்கினால்தான் வாடகை வரும். ஆகவே, நீடித்துழைப்பதும் எளிதில் திருத்தத்தக்கதும் அந்நிறுவனத்திற்கு இலாபமாயின. விற்றபின் தொடர்பறுக்கும் வணிகத்தில் நிலைமை தலைகீழ். 1924இல் ஜெனீவாவில் கூடிய மின்குமிழ் உற்பத்தியாளர் கூட்டு, குமிழின் ஆயுளை 1000 மணித்தியாலங்களாகக் குறுக்கியது; அதனிலும் நெடிதெரியும் குமிழ்களைச் செய்தோருக்குத் தண்டமும் விதித்தது.

எல்லாப் பழுதும் சதியன்று. 2000களில் பல தொலைக்காட்சிகள் சில ஆண்டுகளிலேயே செயலிழந்தமைக்குத் தரங்குறைந்த மின்பகு கொள்ளளவிகள் முக்கிய காரணமாயின. வெப்பம் பத்துப் பாகை கூடினால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. மெல்லிய பெட்டியினுள் வெப்பம் தேங்க, கொள்ளளவியின் தலை உப்பிவிடுகிறது. அதன் விலை அற்பம். தேர்ந்த திருத்துநர் ஒருவர் அதனை மாற்றிப் பெட்டியை மீட்டுவிடுவார். திரையே உடைந்தாலோ, செலவு புதுப்பெட்டியின் விலையை நெருங்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் முன்னதற்கும் புதுப்பெட்டி வாங்குகிறார்.

யார் செலவைச் சுமக்கிறாரோ அவரே பண்டத்தின் ஆயுளில் அக்கறை கொள்கிறார். இவ்வுண்மையை அண்மைச் சட்டங்கள் ஓரளவு உணர்ந்துள்ளன. 1999ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை, விற்பனையாளரின் பொறுப்பைக் குறைந்தது 2 ஆண்டுகளாக்கியது. பண்டத்தின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறுக்குவதைப் பிரான்சு 2015இல் குற்றமாக்கியது. 2021 மார்ச் முதல் ஐரோப்பாவில் தொலைக்காட்சி உற்பத்தியாளர், ஒரு மாதிரியின் இறுதிப் பெட்டி சந்தைக்கு வந்தபின் 7 ஆண்டுகளுக்கேனும் உதிரிப்பாகங்களைத் தொழில்முறைத் திருத்துநருக்கு வழங்கவேண்டும். அப்பட்டியலில் கொள்ளளவியும் இடம்பெறுகிறது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் அறிமுகமாயிற்று. அன்றுதொட்டுப் பழைய பெட்டிகளை உயிர்ப்பித்து வருவோர் சிறு திருத்தகத் தொழிலாளரே. உதிரிப்பாகம் அவர்கள் கைக்கு எட்டவேண்டும் என்பதும், 1896இன் நிபந்தனை ஏட்டுச் சுரைக்காயாய் இருத்தலாகாது என்பதும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள். பற்றுச்சீட்டைப் பேணுவோம், பழுதின் காரணத்தைத் திருத்துநரிடம் எழுத்தில் பெறுவோம், திகதி முடிந்ததென்ற விடையோடு கடையைவிட்டுத் திரும்பாதிருப்போம். பிறநாடுகளிலும் இவ்வுரிமைகள் கேட்டோர்க்கே கிடைத்தன.