ஹைஃபா எங்கே போனது? ஒரு சித்திரக்கதையின் இரண்டு பதிப்புகள்

சின்ன வயதில் வாசித்த சித்திரக்கதை புதுப் பதிப்பாக வந்தால் கைக்கு எடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் அது அதே புத்தகம்தானா என்று பார்க்க வேண்டும். பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜேயின் டின்டின் வரிசையிலுள்ள 'கறுப்புத் தங்க நாட்டில்' இதற்கு நல்ல உதாரணம்.

இக்கதை 1939 செப்டம்பரில் ஒரு சிறுவர் வார இதழில் தொடங்கியது. 1940 மே மாதம் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்ததும் பாதியில் நின்றது. 1948 செப்டம்பரில் 'டின்டின்' சஞ்சிகையில் மீண்டும் தொடங்கி, 1950இல் வர்ணத்தில் நூலானது. இடையில் பிறந்த கப்டன் ஹடொக்கை ஹெர்ஜே எப்படியோ உள்ளே நுழைத்துவிட்டார். எப்படி வந்தீர் என்று கேட்டால், மனுஷன் கடைசி வரைக்கும் சொல்லி முடிக்கிறதில்லை!

அந்த 1950ஆம் ஆண்டுப் பதிப்பில் டின்டின் வந்து இறங்குவது பிரித்தானிய ஆணையின் கீழிருந்த பலஸ்தீனின் ஹைஃபாத் துறைமுகத்தில். பிரித்தானியச் சிப்பாய்கள் அவனைக் கைது செய்கிறார்கள். யூத ஆயுதக் குழுவொன்று தங்கட ஆளென்று நினைத்து அவனைக் கடத்துகிறது. பிறகு அரபுக் கிளர்ச்சிக்காரரிடம் அகப்படுகிறான். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஹைஃபா யூதப் படைகளிடம் வீழ்ந்தது 1948 ஏப்ரலில், ஆணையாட்சி முடிந்தது மே மாதத்தில். கதை திரும்பத் தொடங்கியபோதே அது காட்டிய நாடு உலகப் படத்தில் இல்லை.

1971இல் புதுப் பதிப்பு வந்தது. இதைக் கேட்டவர்கள் ஆங்கிலப் பதிப்பாளரான மெதுயன் நிறுவனத்தார். ஆணையாட்சிக் காலத்துச் சங்கதி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது என்பது அவர்கள் சொன்ன நியாயம். ஹெர்ஜே இணங்கினார், உதவியாளர் பொப் டி மூர் பக்கங்களைத் திருத்தி வரைந்தார். சிப்பாய்களும் யூதக் குழுவும் மறைந்தனர். ஹைஃபா, கெமெட் என்ற கற்பனை நாட்டின் கற்பனைத் துறைமுகமாயிற்று. எஞ்சியது ஒரு அமீருக்கும் அவரது எதிராளிக்கும் இடையிலான எண்ணெய்ச் சண்டை மட்டுமே.

இதே பதிப்பில், முன்பு வெறும் கிறுக்கலாக இருந்த அரபு எழுத்துக்களைச் சரியான அரபாகத் திருத்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அமீர் பென் கலிஷ் எஸாபின் பெயர் மாறவில்லை. அது பிரசல்ஸ் பேச்சுவழக்கில் அதிமதுரச் சாற்றைக் குறிக்கும் பகிடி. எழுத்துக்குக் கிடைத்த மரியாதை ஆளுக்குக் கிடைக்கவில்லை.

பழைய பதிப்பு பலஸ்தீனர் பக்கம் நின்றது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் வரும் அரபிகளும் கேலிச்சித்திரங்களே. ஆனாலும் அங்கே ஒரு இடத்துக்குப் பெயர் இருந்தது, அதை ஆண்ட அந்நியருக்குச் சீருடை இருந்தது. பிள்ளைகளுக்கு விளங்காது என்றால் ஒரு பக்கம் முன்னுரை போட்டிருக்கலாமே! நீக்கப்பட்டதில் பிரித்தானியரின் சொந்தப் பங்கும் அடங்கியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆங்கில நூல் 1972இல், திருத்திய வடிவிலேயே முதன்முதலாக வெளிவந்தது. ஆகவே ஆங்கிலத்தில் டின்டின் வாசித்து வளர்ந்த நம்மவர் கண்டதும் கெமெட் நாட்டைத்தான். ஹைஃபாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் 1950ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பதிப்பைத் தேட வேண்டும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கதையின் முற்பகுதிப் படங்களை இரண்டு நூல்களிலும் பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்த்தாலே போதும்.