பென்சில் தீட்டிய முகங்கள்

உங்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் எடுத்துப் பாருங்கள். மணப்பெண்ணின் முகத்தில் ஒரு பருவோ தழும்போ இராது. கன்னம் பளிங்குபோல் இருக்கும். அந்தக் காலத்துத் தோல் அவ்வளவு வழவழப்பானதா? இல்லை. அது பென்சில் செய்த வேலை!

ஒளிப்படக் கலையின் தொடக்க காலத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. சிவப்பையும் மஞ்சளையும் அவை ஏறக்குறைய உணரவே இல்லை. பரு சிவப்பு நிறமுடையது. மங்கு பழுப்பு நிறமுடையது. ஆகவே கண்ணுக்கு இலேசாகத் தெரிந்த புள்ளிகள் படத்தில் கருந்திட்டுகளாக விழுந்தன. 1873-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் ஹெர்மன் வோகல், தகட்டில் சாயம் சேர்த்தால் பிற நிறங்களையும் உணரச் செய்யலாம் என்று கண்டார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அதுவரை கருவி காட்டிய குறையை மக்கள் தங்கள் முகத்தின் குறை என்றே எண்ணினர்.

இதற்கு ஒளிப்படக்காரர்கள் ஒரு வழி கண்டனர். படத்தில் கறுப்பாக விழும் இடம் நெகட்டிவில் தெளிவாக இருக்கும் அல்லவா? அவ்விடத்தில் கூரிய பென்சிலால் மெல்லப் புள்ளியிட்டால் ஒளி தடைப்படும். படத்தில் அந்த இடம் வெளுத்துவிடும். 'டச்சிங்' எனப்பட்ட இந்த வேலை நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் பல்லாண்டுகள் நடந்தது.

திரைப்படமும் பின்தங்கவில்லை. வண்ணப் படங்களுக்காக 1930-களில் அமெரிக்காவில் உருவான 'பான்கேக்' என்ற பூச்சைச் சென்னை ஜெமினி ஸ்டூடியோ லாரி லாரியாக வாங்கியதாக, அங்கே பணிபுரிந்த எழுத்தாளர் அசோகமித்திரன் குறிப்பிட்டுள்ளார். இன்று அந்தப் பென்சிலும் பூச்சும் கைபேசிக்குள் புகுந்துவிட்டன. நொடிப் பொழுதில் அது முகத்தை மெழுகிவிடுகிறது. திருநகரில் பள்ளி செல்லும் மாணவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் அவள் மனம் என்ன பாடுபடும்!

உண்மையான தோல் எப்படிப்பட்டது? முகத்தின் ஒரு சதுர சென்டிமீட்டரில் நூற்றுக்கணக்கான எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. அவற்றின் வாய்களே நாம் காணும் சிறு துளைகள். அவற்றைச் சுற்றித் தசை கிடையாது. ஆகவே அவை கதவுபோல் திறந்து மூடுவதில்லை. எண்ணெய்ச் சுரப்பி அறவே இல்லாத இடம் வேண்டுமா? உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள்! அங்கும் ரேகைகள் உண்டு. மேடு பள்ளமில்லாத தோல் மனிதருக்கு அமைவதே இல்லை.

இதை அறியாததால் விளையும் தீங்கு பெரிது. 1952-இல் தோல் நோய்க்கு நல்ல மருந்தாக ஸ்டீராய்டு களிம்பு அறிமுகமாயிற்று. கரப்பான் முதலிய நோய்களுக்கு மருத்துவர் அளவறிந்து தரும்போது அது அருமருந்தே. ஆனால் முகம் வெளுக்கும் என்று நம்பி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், செந்நிற நரம்புகள் தெரியும், பரு பெருகும், நிறுத்தினால் முகம் எரியும். ஆகவே 2018-இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசமும் இருந்தது கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அப்படியானால் தோலைப் பேணவே வேண்டாமா? வேண்டும். மென்மையான சோப்பால் நாளுக்கு இருமுறை கழுவுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். பருவைக் கிள்ளாதீர்கள், தழும்பாகும். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் உள்ளது. சித்திரைப் பிறப்பையொட்டியும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. ஆகவே குடையோ, வெயில் தடுப்புக் களிம்போ வீண் செலவன்று. பரு வலித்தாலும், குழி விழுந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நான்கு வாரங்களுக்குக் குறையாமல் ஆகும். எந்தச் சிகிச்சைக்கும் பொறுமை தேவை. 'ஏழே நாளில்' என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

மீண்டும் அந்தக் கல்யாணப் படத்தை எடுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், அவர் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பாருங்கள். படத்திலுள்ள முகத்தைப் பென்சில் தீட்டியது. எதிரே இருக்கும் முகத்தை வெயிலும் சிரிப்பும் வாழ்க்கையும் தீட்டியிருக்கின்றன. உங்களுக்குக் கதை சொன்னது எந்த முகம்?