குஷிங் கண்ட நோயும் பிறர் கண்ட மருந்துகளும்

மனிதனுடைய சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் குல்லாய் கவிழ்த்தாற்போல இரு சிறு சுரப்பிகள் அமர்ந்திருக்கின்றன. அதிரீனற் சுரப்பிகள் என்பது அவற்றின் பெயர். அவை சுரக்கும் ஓமோன்களுள் ஒன்று கோட்டிசோல். பட்டினியிலும் காயத்திலும் காய்ச்சலிலும் உடலைத் தாங்கி நிற்பது அது. அஃது இல்லையேல் உயிர் நிலையாது. ஆயினும், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி கோட்டிசோலுக்கும் பொருந்துவதே.

கோட்டிசோல் மிகுந்த உடலில் முகம் உருண்டு சிவக்கின்றது, வயிறு பருக்கின்றது, கைகால்களோ மெலிகின்றன. தோல் மெலிந்து ஊதா நிறக் கோடுகள் படர்கின்றன. என்புகள் நொய்ந்து முறிகின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. உறக்கம் கெட, உள்ளம் சோர்கின்றது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதும் முகத்தில் உரோமம் அரும்புவதும் உண்டு. அயலார் இதனை உண்டு கொழுத்த உடல் என்றே எண்ணுவர். நோயின் துன்பத்தோடு இந்தப் பழியையும் நோயாளர் சுமக்க வேண்டியதாயிற்று.

இக்குறிகள் யாவும் ஒரே நோயின் முகங்கள் என்பதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியர். 1910ஆம் ஆண்டில், பால்ட்டிமோர் நகரில், 23 வயது நங்கை ஒருத்தியை அவர் பரிசோதித்தார். அவளுடைய வரலாற்றை 1912இல் தாம் வெளியிட்ட நூலில் எழுதினார். பின்னர் ஒத்த நோயாளர் பன்னிருவரின் வரலாறுகளைத் தொகுத்து 1932இல் ஒரு கட்டுரை வரைந்தார். மூளையின் அடியில் தொங்கும் கபச்சுரப்பியில் தோன்றும் மிகச் சிறிய கட்டியே இந்நோய்க்கு வேர் என்பது அவர் கொண்ட முடிவு. அக்கட்டி அதிரீனற் சுரப்பிகளை ஓயாது ஏவுகின்றது. ஏவப்பட்டவை ஓயாது சுரக்கின்றன. கட்டி அதிரீனற் சுரப்பியிலேயே தோன்றுவதும் உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று.

நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்தோ கிடைக்கவில்லை. 1950களின் தொடக்கத்திலும் நோய் கண்டவர்களிற் பாதிப்பேர் ஐந்தாண்டுகளுக்குள் மாண்டனர். அதிரீனற் சுரப்பிகள் இரண்டையும் வெட்டி அகற்றினால் நோய் நீங்கும். ஆனால் கோட்டிசோல் அறவே இன்றி நோயாளர் எவ்வாறு பிழைப்பார்? 1948இல் மூட்டுவாத நோயாளருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கோட்டிசோன் என்னும் மருந்து இவ்வினாவுக்கு விடையளித்தது. இழந்த ஓமோனுக்கு ஈடாக அதனைக் கொடுத்து உயிர்காக்க இயன்றது. 1960களில் மொன்றியல் நகரத்து ஜூல்ஸ் ஹார்டி, நுணுக்குக்காட்டியின் துணையோடு மூக்கின் வழியே சென்று கபச்சுரப்பிக் கட்டியை மட்டும் அகற்றும் முறையை வளர்த்தார். கபச்சுரப்பிக் கட்டியால் விளையும் நோய்க்கு இன்றும் அதுவே முதற் சிகிச்சை.

எனினும் கத்தி எல்லாக் கட்டிகளையும் எட்டுவதில்லை. எட்டினாலும் சிலரிடம் நோய் மீண்டும் தலைகாட்டும். இத்தகையோருக்கு மருந்து வேண்டும். அம்மருந்துகள் பிறந்த கதையே வியப்புக்குரியது. அவற்றுட் பல, வேறொன்றைத் தேடியவர்களின் கையில் அகப்பட்டவை.

1940களின் பிற்பகுதியில் இலங்கையிலே மலேரியா நுளம்பை ஒழிப்பதற்காக வீடுகள் தோறும் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.டி. என்னும் பூச்சிகொல்லியை நாய்களுக்குக் கொடுத்து ஆராய்ந்தவர்கள், அவற்றின் அதிரீனற் சுரப்பிகள் சுருங்கி அழிந்ததை 1949இல் அறிவித்தனர். நாய்க்குக் கேடு செய்தது மனிதனுக்கு நன்மை செய்யாதா என்று சிலர் சிந்தித்தனர். அச்சிந்தனையின் விளைவே மைற்றோட்டேன். 1960 முதல் அதிரீனற் புற்றுநோய்க்கு அது கொடுக்கப்படலாயிற்று. பின்னர் குஷிங் நோய்க்கும் பயன்பட்டது.

1958இல் கிராண்ட் லிடிலும் அவர் தோழரும் கோட்டிசோல் உருவாகும் இறுதிப் படியைத் தடுக்கும் மெற்றிரப்போன் என்னும் மருந்தைப் பற்றி எழுதினர். 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கீற்றோகொனசோல், பூஞ்சண நோய்களுக்காக ஆக்கப்பட்டது. அதனை உண்ட ஆடவர் சிலருக்கு மார்பு பருத்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, உடல் ஓமோன்களை ஆக்கும் வழியை அம்மருந்து அடைக்கின்றது என்பது வெளிப்பட்டது. கருவைக் கலைக்கும் மருந்தாக அறியப்பட்ட மிஃபெபிரிஸ்ரோன், கோட்டிசோல் உயிரணுக்களிற் பற்றுமிடத்தையும் அடைப்பதால், குஷிங் நோயாளரின் உயர்ந்த சர்க்கரைக்கென 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2020இல் அனுமதி பெற்ற ஒசிலோட்ரோஸ்ராற், மெற்றிரப்போன் தடுக்கும் அதே படியைத் தடுக்கின்றது.

ஓரிடத்திற் குற்றமாகத் தோன்றிய செயல் மற்றோரிடத்திற் குணமாயிற்று. ஆனால் அக்குற்றம் மறைந்துவிடவில்லை என்பதை மறத்தலாகாது. கீற்றோகொனசோல் ஈரலைத் தாக்கவல்லது. ஆதலின் அதனை உண்போர் ஈரலின் நிலையை இரத்தப் பரிசோதனையால் அடிக்கடி அறிதல் வேண்டும். மெற்றிரப்போன் சில பெண்களுக்கு உரோமத்தைப் பெருக்கும். மைற்றோட்டேன் உடற்கொழுப்பிற் சேர்ந்து, நிறுத்திய பின்பும் நெடுநாள் தங்கும். மிஃபெபிரிஸ்ரோன் உண்பவரின் இரத்தத்திற் கோட்டிசோல் குறைவதில்லை. அதனால் அதனை அளந்து மருந்தின் பயனை மதிப்பிட இயலாது.

இவற்றிலும் பெரிய இடர் ஒன்றுண்டு. மிகுதியைக் குறைக்கப் புகுந்த மருந்து, தேவையானதையும் பறித்துவிடலாம். அப்போது தலைசுற்றும், வாந்தியும் கடுஞ்சோர்வும் காணும். இரத்த அழுத்தம் வீழும். உடனே வைத்தியரை நாடாவிடின் உயிருக்கே இறுதியாம். இதனாலேயே மருந்து சிறு அளவில் தொடங்கப்பட்டு, பொருந்துமிடங்களில் ஒரு நாள் முழுதும் சேர்த்த சிறுநீரிலும் இரத்தத்திலும் கோட்டிசோல் அளக்கப்பட்டு, படிப்படியாகத் திருத்தப்படுகின்றது.

ஈளைக்கும் மூட்டுவாதத்துக்கும் நெடுநாள் உண்ணும் ஸ்ரெரோயிட் மாத்திரைகளாலும் இதே தோற்றம் உண்டாகும். உண்மையில் இதுவே மிகுதியாகக் காணப்படும் காரணம். அத்தகையோருக்கு மேற்கூறிய மருந்துகள் வேண்டா. வைத்தியரின் வழிகாட்டலில் மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைத்தலே முறை. தாமாகவே திடீரென நிறுத்துதல் பேராபத்து.

குஷிங் 1939இல் மறைந்தார். தாம் இனங்கண்ட நோயைத் தணிக்கும் மாத்திரை ஒன்றையேனும் அவர் கண்டாரில்லை. இன்றைய நோயாளர் கையிலோ ஒன்றுக்கு மேற்பட்ட மாத்திரைகள் உள்ளன. நாயின் சுரப்பி சுருங்கியதையும் ஆடவனின் மார்பு பருத்ததையும் பொருட்படுத்தாது விடாமல், ஏன் என்று கேட்டவர்கள் அளித்த கொடை அவை. அவற்றை உண்பவரும் அதே விழிப்போடு தம் உடலைக் கவனித்து, கண்ட மாற்றத்தை வைத்தியரிடம் ஒளியாது உரைப்பாராயின், அக்கொடை அவருக்கு முழுப் பயன் தரும்.