இருபதை நடுவில் வைத்த கணக்கு

டேட்டாபேஸ் லேபில் வயதை 5-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு 'குரூப் பை' போட்டால் 20-24, 25-29 என்று பிரிந்து வந்துவிடும். ஒரு வரி வேலை. இதையே 1931-ல் ஆளுக்கொரு காகிதச் சீட்டு எழுதி, கையால் பிரித்து அடுக்கிச் செய்தார்கள். அதுவும் நம்மைவிடக் கொஞ்சம் அதிகமாக யோசித்து!

நம்ம களம்பூர் பக்கம் பெரியவர்களிடம் வயசு கேட்டுப் பாருங்கள். "அறுபது இருக்கும்பா" என்பார்கள். அறுபத்தொன்று என்று யாரும் சொல்வதில்லை :) களம்பூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த அந்தக் காலத்திலும் இதே கதைதான். 18 வயதுக்காரரும் 20 என்பார், 22 வயதுக்காரரும் 20 என்பார். ஆக 20-ல் ஒரு பெரிய குவியல். 20-24 என்று பிரித்தால் குவியல் ஓரத்தில் போய் நிற்கும். சராசரி போடும்போது நாம் நடுப்புள்ளி 22-ஐ எடுப்போம். கணக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

1931 பிப்ரவரி 26 கணக்கெடுப்பில் (இந்தியா முழுக்க ஆணையர் ஜே. எச். ஹட்டன், சென்னை மாகாணத்துக்கு யீட்ஸ்) நெருங்கிய பிறந்தநாள் வயதைக் கேட்டார்கள். பிரித்த விதம்தான் அழகு: 4-6, 7-13, 14-16, 17-23, 24-26... மூன்று, ஏழு, மூன்று, ஏழு. 5, 10, 15, 20 எல்லாம் சரியாக நடுவில்! பிறகு பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளில் பாதிப் பாதி எடுத்துச் சேர்த்து, வழக்கமான ஐந்து வருட அட்டவணை ஆக்கினார்கள். 7-13-ல் பாதி, 14-16-ல் பாதி, இரண்டும் சேர்ந்தால் 10-15.

சிக்கலும் இந்தப் பாதியில்தான். பெண்ணின் திருமண வயது 14 என்ற சாரதா சட்டம் 1929-ல் வந்து, 1930 ஏப்ரல் 1 முதல் அமலானது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஊர் ஊராக அவசரக் கல்யாணங்கள் வேறு. அடுத்த வருடமே கணக்கெடுப்பு. சட்டத்துக்கு முந்தைய நிலை என்ன என்று எல்லோரும் பார்த்தது 15 வயதுக்குள் மணமான பெண்களின் எண்ணிக்கையை. ஆனால் 14-16 பிரிவில் மணமானவர்கள் 14-ஐவிட 16 பக்கம்தானே அதிகம் இருப்பார்கள்? அவர்களைச் சரிபாதி வெட்டினால், 15 தாண்டிய மனைவிகள் சிலர் 15-க்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மொத்த மக்கள்தொகைக்குப் பொருந்திய அதே பாதி, மணமானவர்களுக்குப் பொருந்தவில்லை. அவசரக் கல்யாணம் எவ்வளவு, இந்த வெட்டு கூட்டியது எவ்வளவு என்று ஐந்து வருட அட்டவணையை மட்டும் கையில் வைத்திருப்பவரால் பிரிக்க முடியாது. அதற்கு 14-16 சீட்டுக்கட்டை மறுபடி அவிழ்த்து, ஒவ்வொரு வயதாக எண்ண வேண்டும்.